பணம் அனுப்பிய பிறகு ஆர்டரை ரத்து செய்யாதீர்கள்

பி2பி சந்தையில், அதாவது ஒரு தளத்தின் வழியாகத் தனி ஆளிடமிருந்து நேரடியாக, கிரிப்டோ வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஒரு விற்பவரிடம் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அவர் சொன்ன ஏதோ ஒன்று உங்களை உறுத்துகிறது. பொழுதுபோகாமல் யாரும் இதைக் கேட்பதில்லை. நானும் இதே கேள்வியைத் தேடிப் படித்தேன், பணம் போன மறுநாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. 'பேராசை பெருநஷ்டம்' என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் பணத்தை இரட்டிப்பாக்கப் போகவில்லை. சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத்தான் யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ நாணயம்) வாங்கப் போனேன்.

இந்தச் சந்தைகளில் நமக்கு விற்பது தளம் இல்லை, யாரோ ஒரு தனி ஆள். நாம் ஆர்டர் போட்டதும் அவருடைய நாணயத்தைத் தளம் எஸ்க்ரோவில், அதாவது பேரம் முடியும்வரை தன் காப்பில், பூட்டிவிடும். நாம் அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பி, 'பணம் செலுத்திவிட்டேன்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். பணம் வந்ததும் அவர் நாணயத்தை விடுவிப்பார். 2012-ல் ஃபின்லாந்தில் தொடங்கி 2023-ல் மூடப்பட்ட லோக்கல்பிட்காயின்ஸ் என்ற பி2பி தளத்தின் காலத்திலிருந்தே எஸ்க்ரோ இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்தப் பூட்டை நான்தான் என் கையாலேயே திறந்துவிட்டேன்.

ஆர்டர் போட்டவுடன் விற்பவர், "சார், இங்கே சாட் மெதுவாக இருக்கிறது, வெளியே மெசேஜ் பண்ணுங்க" என்று ஒரு எண் கொடுத்தார். போனேன். அவர் அனுப்பிய வங்கிக் கணக்கில் வேறு பெயர் இருந்தது. கேட்டதற்கு, மனைவியின் கணக்கு என்றார். தளத்தில் சரிபார்க்கப்பட்ட பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எனக்கும் அது தெரியும். ஆனால் திரையின் மேலே டைமர் ஓடிக்கொண்டிருந்தது, பதினோரு நிமிடம்தான் பாக்கி. அனுப்பிவிட்டு பட்டனையும் அழுத்தினேன்.

ஐந்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. "உங்கள் பணத்தை என் வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது, திரும்ப உங்களுக்கே வந்துவிடும். இந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், உடனே விடுவிக்கிறேன்." கூடவே ஏதோ வங்கிக் கடிதம் போல ஒரு படம். ரத்து செய்யப் போனேன். 'நான் விற்பவருக்குப் பணம் எதுவும் செலுத்தவில்லை' என்ற வரியும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் வந்தன. அதில் டிக் போட்டால்தான் மேலே போக முடியும். போட்டேன்.

அந்த நொடியே பூட்டிய நாணயம் அவருக்குத் திரும்பிவிட்டது. 'செலுத்திவிட்டேன்' என்று அழுத்திய பிறகு விற்பவரால் ஆர்டரை ரத்து செய்யவே முடியாது, வாங்குபவரால்தான் முடியும். அதனால்தான் அவ்வளவு பணிவாகக் கெஞ்சியிருக்கிறார். தளத்தில் புகார் கொடுத்தேன். நான் டிக் போட்ட அந்த வரியையே எடுத்து அனுப்பினார்கள். வெளியே நடந்த பேச்சைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார்கள். 'படிக்கத் தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். படித்தேன். அவசரத்தில் இருக்கும்போது கண் படிக்கிறது, மண்டைக்கு ஏறுவதில்லை.

போனது அரை மாதச் சம்பளம். அதைவிட வலித்தது வீட்டில் கிடைத்த உபதேசம். அதிலும் என் மைத்துனர், "படித்தவர் இப்படி ஏமாறலாமா மாமா?" என்றார். என்னிடம் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கடனை இன்னும் தரவில்லை இந்த மனிதர். அதற்கு எஸ்க்ரோ இல்லை, டைமர் இல்லை, புகார் கொடுக்க ஒரு பட்டனும் இல்லை. விசேஷம் என்றால் அவருக்குத்தான் முதல் வரிசை. சரி, அதை விடுங்கள்.

பிறகு இரண்டு பேர் தாங்களாகவே வந்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்றார்கள். ஏமாந்தவர்கள் புலம்பும் இடங்களில்தான் இவர்கள் காத்திருப்பார்கள். ஒருவர் நான் கிரிப்டோ வைத்திருக்கும் வாலட்டின் சீட் ஃபிரேஸை, அதாவது அதைத் திறக்கும் ரகசியச் சொற்களை, கேட்டார். அந்த 12 அல்லது 24 சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் வாலட்டுக்குச் சொந்தக்காரர். எந்த ஊழியருக்கும், எந்தக் காரணத்துக்கும் அவை தேவைப்படாது.

நாணயம் கைக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். யூஎஸ்டிடி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு போலி டோக்கனை உருவாக்கி அனுப்பலாம். பெயரைப் பார்க்காதீர்கள், கான்ட்ராக்ட் முகவரியை, அதாவது அந்த டோக்கனுக்கு மட்டுமே உரிய அடையாள எழுத்து வரிசையை, பாருங்கள். நாணயம் அனுப்பும்போது, பெறுபவரின் வாலட் முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியோடு முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்துப்போகும் முகவரியிலிருந்து மோசடிக்காரர்கள் துளித் தொகை அனுப்பி, அந்தப் பட்டியலில் நுழைந்துவிடுவார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் ஆறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ரேப்டு பிட்காயினை (பிட்காயின் மதிப்பை ஒட்டிய டோக்கன்) தவறான முகவரிக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. அரை மாதச் சம்பளத்துக்கு எந்தத் திருடனும் பேச்சுவார்த்தைக்கு வரமாட்டான்.

இப்போதும் எப்போதாவது வாங்குகிறேன். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் பணம் அனுப்பும் முன்பே விலகிவிடுவேன். தளத்தின் சாட்டை விட்டு வெளியே போவதில்லை.

உங்கள் ஆள் ரத்து செய்யச் சொல்லிவிட்டாரா? பணம் அனுப்பியிருந்தால் எதையும் ரத்து செய்யாதீர்கள். 'செலுத்திவிட்டேன்' பட்டனை இன்னும் அழுத்தவில்லை என்றால் உடனே அழுத்துங்கள், இல்லாவிட்டால் நேரம் முடிந்ததும் ஆர்டர் தானாகவே ரத்தாகிவிடும். பணம் அனுப்பிய ரசீதைத் தளத்தின் சாட்டிலேயே போட்டுவிட்டு முறையீட்டுப் பட்டனைத் தேடுங்கள். என் ஆப்பில் அது மூலையில் மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்தது.