விரதத்தில் வீக்கம் வடிகிறது, மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம், வயது 44, பீடி சுற்றும் வேலை. ஆறு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினமும் காலையில் பிரெட்னிசோலோன் 5 மி.கி. சாப்பிடுகிறேன். வலி தாங்காத நாளில் டைக்ளோஃபெனாக். சர்க்கரை, பிரஷர் இல்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். நாலாம் நாள் விரல் வீக்கம் வடிந்து, பீடிக்கு நூல் கட்ட முடிந்தது. விரதம் முடிந்த பத்தாம் நாள் பழையபடி வீங்கிவிட்டது. மாதாமாதம் கிருத்திகை, சஷ்டி என்று விரதம் இருந்து மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், அம்மா. ஆனால் விரல் வீக்கம் வடிந்தது உங்கள் பிரமை அல்ல. விரதத்தில் அப்படி நடப்பது உண்டு. 1991-இல் லான்செட் இதழில் வந்த நார்வே ஆய்வில் முடக்குவாதம் உள்ள 27 பேர் 7 முதல் 10 நாள் காய்கறிச் சாறும் மூலிகைத் தேநீரும் மட்டும் எடுத்தார்கள். பிறகு ஒரு வருடம் சைவ உணவு. நாலு வாரத்திலேயே வீங்கிய மூட்டுகளும் காலை விறைப்பும் அவர்களுக்குக் குறைந்தன. வழக்கமான சாப்பாட்டைத் தொடர்ந்த 26 பேருக்கு அந்த அளவு குறையவில்லை.

கடைசியாகச் சாப்பிட்டு 12 மணி நேரத்துக்கு மேல் ஆனால், ஈரலில் சேமித்த சர்க்கரை தீரத் தொடங்கும். உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்களை உண்டாக்கும். அதில் ஒரு வகை, அழற்சியைக் கிளப்பும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டை அடக்குகிறது என்று 2015-இல் கண்டறிந்தார்கள். 2019-இல் வந்த ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் 19 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தபோது, ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் குறைந்தன. மூட்டுக்குள் புகுந்து வீக்கத்தை வளர்ப்பவற்றில் இவையும் உண்டு. எலிகளில் பார்த்தபோது, அவை சாகவில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் ஒதுங்கியிருந்தன. மறுபடி தீனி போட்டதும் கூட்டமாக ரத்தத்துக்குத் திரும்பின. உங்கள் பத்தாம் நாள் வீக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விரதம் நோயைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கிறதே தவிர வேரறுப்பதில்லை என்பது இதில் புரியும். வலி அடங்கியிருக்கும்போதும் உள்ளே மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுத் தேய்ந்துகொண்டிருக்கலாம். அதைத் தடுப்பது மெத்தோட்ரெக்சேட்.

இன்னொன்று நடக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. பட்டினியில் உடம்பு கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பைக் கூட்டும். வீக்கம் வடிய அதுவும் உதவும். நீங்களோ வெகுநாளாக, கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் எடுக்கிறீர்கள். வெளியிலிருந்து மருந்து வருவதால், சிறுநீரகத்தின் மேல் இருந்து கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி சோம்பிப் போயிருக்கும். விரதத்தோடு அந்த மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்தினால், தேவை கூடும் நேரத்தில் கையிருப்பே இருக்காது. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். சஷ்டி நாளானாலும் காலையில் ஒரு டம்ளர் பாலுக்குப் பிறகு பிரெட்னிசோலோனைப் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்து, வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டால், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். முதலில் வாயில் புண் வரும், பிறகு வெள்ளணு சரியும். ஆகவே நீர்கூட அருந்தாத விரதம் உங்களுக்குக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர், நம் வேலூர்ச் சித்திரை வெயிலில் மூன்று லிட்டர் குடியுங்கள். விரத நாளில் டைக்ளோஃபெனாக் வேண்டாம். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500 மி.கி., ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போகிறீர்களா, போய் வாருங்கள். ஒருபொழுது இருங்கள்; அந்த ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுங்கள். மெத்தோட்ரெக்சேட் கிழமையும் விரதமும் ஒரே நாளில் வந்தால், சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடுங்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. அதைத் தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு. கிழமையை அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள்.

ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் என்பதை மாதாமாதம் செய்வது சரியில்லை. இந்த நோயே தசையைக் கரைக்கும். பட்டினி இன்னும் கரைக்கும். ஒரு லிட்டர் பாலில் கிடைப்பது 32 கிராம் புரதம்தான். உங்கள் எடை 60 கிலோ என்றால் தினம் 60 கிராமாவது வேண்டும். சுண்டல், பாசிப்பயறு, மோர், ஜவ்வாது மலைச் சாமையில் கஞ்சி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் இரவு 7 மணிக்குள் சாப்பிட்டு முடித்து, காலை 8 மணிக்குப் பலகாரம். அந்த 13 மணி நேர இடைவெளி போதும். விரதம் முடிந்ததும் சாப்பாட்டை வடை பாயசத்தில் தொடங்காமல் கஞ்சியில் தொடங்குங்கள். முள்ளுக் கத்தரிக்காயை ஒதுக்கச் சொல்வார்கள். அது மூட்டை வீங்க வைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

பலன் இருக்கிறதா என்று வீட்டிலேயே அளக்கலாம். எழுந்ததிலிருந்து எத்தனை நிமிடத்தில் கோலமாவை இரண்டு விரலிடுக்கில் பிடித்து அறுபடாமல் ஒரு கோடு இழுக்க முடிகிறது என்று நாட்காட்டியில் குறியுங்கள். அரை மணிக்கு மேல் ஆனால் நோய் அடங்கவில்லை. விரதத்துக்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும், அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை பாருங்கள். ரத்த அணுக்கள், ஈரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, கறுப்பு மலம், சிறுநீர் குறைவு, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; விரதம் அங்கே நிற்கட்டும்.

விரதம் இல்லாத நாளெல்லாம் விரல் வீங்குகிறது என்றால், இப்போதைய மருந்து உங்களுக்குப் போதவில்லை என்று அர்த்தம். அதை வாதநோய் நிபுணரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்டை 20, 25 மி.கி. வரை கூட்டவோ, கூட ஒரு மருந்து சேர்க்கவோ வழி இருக்கிறது. நோய் அடங்கியபின் முதலில் விட வேண்டியது பிரெட்னிசோலோன்தான். அதையும் அவர் கைப்பிடித்து, 1 மி.கி. 1 மி.கி.யாக, சில மாதங்களில்.