கேமரா வந்தபிறகும் ஓவியம் எதற்கு?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முதல் வருடம். அவளுடைய அனாட்டமி புத்தகத்தைப் புரட்டினால் பெரும்பாலும் வரைந்த படங்கள்தான். ஸ்கேன், கேமரா என்று இவ்வளவு வந்தபிறகும் ஏன் இப்படி?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போட்டோவில் எல்லாமே விழுந்துவிடும், அதுதான் சிக்கல். அறுத்துத் திறந்த உடலைப் படம்பிடித்தால் கொழுப்பு, சவ்வு, தசை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில் தமனி எது, சிரை எது, நரம்பு எது என்று புதிதாகப் படிக்கிறவருக்குப் பிடிபடாது. ஓவியர் கொழுப்பை விலக்கிவிட்டு, தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று பூசிவிடுவார். யார் உடம்பிலும் நீல ரத்தம் ஓடவில்லை, ஆனாலும் அந்தப் பொய்தான் பாடத்தைப் புரியவைக்கிறது. உங்கள் மகள் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பிணவறுப்புக் கூடத்துக்குள் போனால் பாதி வேலை முடிந்தது.

1858-ல் லண்டனில் வந்த 'கிரேஸ் அனாட்டமி'யைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதியவர் ஹென்றி கிரே. படங்கள் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இன்னொரு மருத்துவருடையவை. உறுப்பின் பெயரை அந்த உறுப்பின் மேலேயே எழுதினார் மனிதர், எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே பட்டியலில் தேடும் வேலை இல்லை. புத்தகம் வெளிவருவதற்குள் அவர் பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி சொல்லிக்கொடுத்து, தொழுநோயை ஆராய்ந்தார். பெயர் என்னவோ கிரேக்குத்தான் போனது!

கேள்வி: இதற்கெல்லாம் முன்னோடி லியோனார்டோ டா வின்சிதானே?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: திறமையில் சரி, தாக்கத்தில் இல்லை. முப்பது பிணங்களுக்கு மேல் அறுத்துப் பார்த்ததாக அவரே சொன்னாராம். மார்க்கன்டோனியோ டெல்லா டோரே என்ற பேராசிரியரோடு சேர்ந்து வேலை செய்தார். 1511-ல் பிளேக் அந்தப் பேராசிரியரைக் கொண்டுபோய்விட்டது. படங்கள் நூற்றாண்டுக்கணக்கில் அச்சேறாமல் கிடந்ததால் மருத்துவர்களுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. தவிர, கருப்பையில் சிசு சுருண்டிருக்கும் அவருடைய புகழ்பெற்ற படத்தில் நஞ்சுக்கொடி மாட்டினுடையது! இவ்வளவு அழகாக வரைந்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

மருத்துவத்தை உண்மையில் உலுக்கியது 1543-ல் பாசல் நகரில் அச்சான, வெசாலியஸ் என்ற மருத்துவரின் அனாட்டமி புத்தகம். அப்போது அவருக்கு வயது 28. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த அந்தப் படங்களில் தோலுரித்த மனிதர்கள் மலையும் ஊரும் பின்னணியாக நிற்பார்கள். வரைந்தது டிஷியன் என்ற இத்தாலிய ஓவியரின் பட்டறையைச் சேர்ந்த கால்கார் என்று ஒரு கட்சி, இல்லை என்று இன்னொரு கட்சி. கார்ட்டருக்காவது பெயர் தெரிந்தது, இங்கே அதுவும் தகராறு.