பயணத் திட்டம் கெட்டுப்போனால் அதிலும் நன்றி சொல்ல ஏதாவது இருக்குமா?

கடைசி நேரத்தில் ரயில் ரத்தாகி, குடும்பத்தோடு போகவிருந்த பயணம் நின்றுபோனது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, இதில் எங்கிருந்து நன்றி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எரிச்சலில் இருப்பவரிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்கிறவர் பெரும்பாலும் அந்த வண்டிக்கு டிக்கெட் எடுக்காதவராகத்தான் இருப்பார். எனக்கு அந்த ஆறுதல் ஒத்துவருவதில்லை. எது நன்மை, யாருக்கு நன்மை என்று அது சொல்வதே கிடையாது. நன்றி சொல்வதென்றால் யாருக்கு, எதற்கு என்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அது தானாக வருகிறது, வலிந்து வரவழைக்க வேண்டியதில்லை.

நான் வியாசர்பாடி. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு சென்ட்ரலிலிருந்து கோவை போய், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போவதாக இருந்தோம். மிக்ஜாம் புயல் வந்த நாள் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்கு மீதிக் கதை தெரியும். புயல் கரை கடந்தது மறுநாள், ஆந்திராவில் பாபட்லா பக்கம். ஆனால் அதற்கு முன்பே மழையை எங்கள் தலையில் கொட்டிவிட்டுத்தான் போனது. காலையிலேயே தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14-ஆம் எண் பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே தண்ணீர் அபாயக் குறியைத் தொட்டதால் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வண்டியும் ரத்து.

அன்றைக்கு எனக்கு நன்றியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. போனில் சார்ஜ் இருபது சதவீதம், லாட்ஜுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் வேறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வந்ததெல்லாம் கோபம்தான்.

(இடையில் ஒரு வார்த்தை. பணம் திரும்பி வரும் வழி தெரிந்தால் பாதிக் கோபம் போய்விடும். ரயில்வேயே வண்டியை முழுதாக ரத்து செய்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் கட்டணம் தானாகக் கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் அவசரப்பட்டு கேன்சல் பட்டனைத் தட்ட வேண்டாம். கவுண்டரில் எடுத்ததென்றால் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகவில்லை என்றால், அது கிளம்புவதற்குள் டிடிஆர் என்கிற, பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட வேண்டும். லாட்ஜில் பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிடத் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள், சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள். எங்களுக்கு மே மாதத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை. அந்த மேனேஜருக்கு ஒரு நன்றி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, பாலத்துக்கு வருகிறேன். அன்று இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் மாமனார்தான் அரியலூர் விபத்தைப் பற்றிச் சொன்னார். 1956 நவம்பர் 23. எழும்பூரிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ். மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் பலவீனமாகிக் கிடந்தது. விடியும் முன் வண்டி ஏறியதும் பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காகத்தான். மாமனாருக்கு அப்போது சின்ன வயது, பெரியவர்கள் பேசியதைக் கேட்டு மனதில் பதிந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் 'ரத்து' என்பதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று உறைத்தது. மழைக்காலத்தில் ஆபத்தான பாலங்களில் காவலுக்கு ஆள் போடுவார்கள். கொட்டுகிற மழையில் ஒருவர் நின்று, தூணில் போட்ட குறிக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் வண்டியை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நான் லாட்ஜ் பணத்துக்குப் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவர் அப்படி நின்றிருக்கிறார். விதிக்கும் கிரகத்துக்கும் நன்றி சொல்ல எனக்கு வராது. இவருக்குச் சொல்லலாம்.

கீழ்வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டும் தாங்காமல் மாடிக்கு எங்களிடம் வந்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளக் காய்ந்த துணி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய ஸ்வெட்டரும் குல்லாவும் இருந்தன! அந்த வீட்டுச் சின்னப் பெண் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "இன்னாக்கா, ஊட்டி இங்கியே வந்துட்ச்சா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். வழிக்குக் கட்டிய புளியோதரை அன்றிரவே காலி. மறுநாள் அவர்கள் வீட்டு அண்ணன்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் மாமனாரின் பிரஷர் மாத்திரையும் பாலும் வாங்கி வந்தார். நாங்கள் அன்றைக்கு ஊட்டியில் இருந்து, மாமனார் இங்கே தனியாக இருந்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இதில் ஒரு விஷயம் கவனமாக இருக்க வேண்டும். "நமக்கு ஊட்டிதான் போச்சு, அவங்களுக்கு வீடே போச்சு, நாம பரவாயில்ல" என்று நினைப்பதை நன்றியென்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் கஷ்டத்தை வைத்து நம் மனதைத் தேற்றிக்கொள்வது அது. அந்த வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். அதைப் பார்த்து 'நல்லவேளை' என்று எப்படிச் சொல்வது? கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படத்தான் வேண்டும்.

சின்னச் சின்னத் தாமதங்களுக்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வண்டியை பேசின் பிரிட்ஜில் நிறுத்திவைப்பது எங்கள் பக்கத்தில் தினமும் நடப்பதுதான். அதற்கெல்லாம் யாருக்கும் நன்றி சொல்ல மாட்டேன். பீச் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டால் மட்டும் எதிரே பர்மா பஜார் பக்கம் போய் ஒரு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடுவேன். பசியோடு நன்றியுணர்வெல்லாம் நடக்காத காரியம்.

தண்ணீர் வடிந்ததும் மாத்திரை வாங்கி வந்த அண்ணனின் வீட்டைக் கழுவ நாங்களும் இறங்கினோம். அப்புறம் தெருக்காரர்கள் சேர்ந்து வடிகாலைத் தூர்வாரச் சொல்லி ஒரு மனு எழுதினோம். முதல் கையெழுத்து மாமனாருடையது.