கொம்பு வைத்த நன்னீர் ஆமை: கேள்வி பதில்

கேள்வி: உலகிலேயே பெரிய ஆமை ஸ்டுபெண்டெமிஸ்தானா?

ஸ்டுபெண்டெமிஸ் எப்போதோ அழிந்துபோன நன்னீர் ஆமை. நன்னீர் ஆமைகளில் அதுதான் பெரியது என்று தயங்காமல் சொல்லலாம். தலை முதல் வால் வரை அளந்தால் கடலில் வாழ்ந்த ஆர்கெலான் முந்திவிடும். ஆனால் ஸ்டுபெண்டெமிஸின் ஓடு மட்டும் சுமார் 2.4 மீட்டர், எடை 1,100 கிலோவைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கே கிடைத்தது சார்?

வெனிசுவேலாவின் உருமாக்கோ பகுதியில். 1976இல் தொல்லுயிரியலாளர் ராஜர் வுட் பெயரிட்டார். அப்புறம் கொலம்பியாவின் டடாகோவா பாலைவனத்திலும் கிடைத்தது. இன்று அங்கே வறண்ட மண்தான். மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை) தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஆறுகளும் ஏரிகளும் சதுப்புகளுமாகப் பரந்த நீர்வெளி இருந்தது.

கேள்வி: கொம்பு இருந்தது என்கிறார்களே, ஆமைக்கு ஏது கொம்பு?

தலையில் இல்லை, ஓட்டில். முன்விளிம்பில், கழுத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாகத் தடித்த கூரான எலும்பு நீட்சி. சில ஓடுகளில் இது இருக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. கொம்புள்ளவை ஆண், மற்றவை பெண் என்று 2020இல் தொல்லுயிரியலாளர் எட்வின் கடேனா குழுவினர் விளக்கினார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. காரணம், ஒரு ஓட்டின் இடக்கொம்பில் நீளமான ஆழ்ந்த தழும்பு தெரிகிறது. ஆண்கள் மோதிக்கொண்டதில் விழுந்த காயமாக இருக்கலாம். இத்தனை லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு விலங்கின் நடத்தையை எலும்பில் படிக்க முடிவது எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆமையை எது தாக்கும்?

பூருசாரஸ். சுமார் 10 மீட்டர் நீளம் வளர்ந்த கெய்மன், முதலை இனம். ஸ்டுபெண்டெமிஸ் ஓடுகளில் கடித்த தடங்கள் இருக்கின்றன. ஒன்றில் பெரிய கெய்மன் பல்லே சிக்கியிருந்தது. பெரிதாக வளர்ந்தால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

கேள்வி: ஏன் அழிந்தது? இன்று சொந்தம் ஏதாவது உண்டா?

ஆண்டிஸ் மலைத்தொடர் உயர உயர அந்த நீர்வெளி துண்டுபட்டுச் சுருங்கியது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த இனம் மறைந்ததற்கு அதையே முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள். நெருங்கிய சொந்தம் அமேசான் பெரியதலை ஆமை. அதன் ஓடு அரை மீட்டர் அளவுதான்.

கேள்வி: ஆபத்து வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுமா?

நேராக உள்ளே இழுக்காது. இது பக்கவாட்டுக் கழுத்து ஆமை வகை. கழுத்தை ஒரு பக்கமாக மடித்துத் தலையை ஓட்டின் விளிம்புக்கடியில் ஒதுக்கிக்கொள்ளும்.