சூடு தெரியாத பாதம் இரவில் எரிவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58, பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். 11 ஆண்டுகளாக இனிப்புநீர் நோய்க்கு மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தண்ணீர்மலை ஏறி இறங்கினேன், சிரமமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மகள் பார்த்துச் சொல்லித்தான் இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளம் இருப்பது தெரிந்தது. ஆனால் இரவில் படுத்தால் அதே பாதங்கள் மிளகாய் அரைத்த கைபோல எரிகின்றன. இது நரம்புத் தளர்ச்சியா? நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: ஐயா, தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, புறங்கையில் நீலமாகப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாயும் பேச்சு வழக்கில் நரம்புதான். அந்த நீலக் குழாயைக் காட்டி ‘நரம்பு தளர்ந்துவிட்டது’ என்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நரம்புத் தளர்ச்சி என்று தனியாக ஒரு நோய் இல்லை. கை நடுக்கம் முதல் உடல் அசதி வரை எதற்கும் ஒட்டப்படும் பெயர் அது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நீண்ட நாள் இனிப்புநீரால் வரும் புறநரம்புப் பாதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூளையும் தண்டுவடமும் நரம்பு மண்டலத்தின் நடுப்பகுதி. மூளையிலிருந்து 12 இணைகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணைகளுமாகக் கிளம்பி உடலெங்கும் பரவும் நரம்புகள் புறப்பகுதி. உங்கள் கட்டைவிரலின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பணுவின் உடல் விரலில் இல்லை. இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் ஓரத்தில், கண்ணுக்கே தெரியாத சிறு உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து புறப்படும் இழை மட்டும் ஏறத்தாழ 1 மீட்டர் நீண்டு விரல் நுனியைத் தொடுகிறது. அந்த இழைக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் அணுவின் உடலில் தயாராகி இழைக்குள்ளேயே பயணம் செய்தாக வேண்டும். மிக விரைவாகச் செல்பவைகூட நாளொன்றுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் நகரும் என்பதால், விரலை எட்ட இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும்போது நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் நரம்பணுவின் உள்வேலைகளும் கெட்டு, மிக நீளமான இழைகளின் நுனியே முதலில் வாடுகிறது. அதனால்தான் பாதிப்பு இரு கால்விரல்களிலும் ஒருசேரத் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது. அது முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்கும்.

சூடு தெரியாத கால் எரிவது முரணாகத் தோன்றலாம். வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்றும், ஒரு கணம் கழித்து விண்ணென்றும் வலிக்கிறதல்லவா? அந்த இரண்டாவது வலியைக் கொண்டுவருவது, உறையில்லாத மெல்லிய இழை. நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகம்தான் அதற்கு. வெந்நீரின் சூட்டையும் தார்ச்சாலையின் சூட்டையும் சொல்வதும் இந்த வகை இழைகளே. இவை பழுதாகும்போது வெளியிலிருந்து வரும் செய்தியைக் கோட்டைவிடுகின்றன. அதே சமயம், எதுவும் சுடாதபோதே தாமாகத் துடித்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகின்றன. பகலில் நடையும் வேலையும் அதை அமுக்கி வைக்கின்றன. படுத்தபின் அமுக்க எதுவும் இல்லை.

தொடுவதையும் கால் இருக்கும் நிலையையும் சொல்லும் தடித்த இழைகளும் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துபோகிறீர்களா, முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறீர்களா என்று கவனியுங்கள். கிளினிக்கில் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டும், இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் ஐந்தே நிமிடத்தில் சோதித்துவிடலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றோடு வைட்டமின் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபோர்மினை நெடுங்காலம் சாப்பிடுவோருக்கு அது குறையக்கூடும், குறைந்தால் இதே மரப்பும் எரிச்சலும் வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் ‘நரம்பு மாத்திரை’யும் வேண்டாம், அவற்றில் உள்ள பி6 அளவு மீறி நீண்ட நாள் போனால், அதுவே நரம்பைக் கெடுக்கும். எரிச்சலைத் தணிக்க பிரிகாபலின், டுலாக்ஸெட்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். அவை வலியைக் குறைக்குமே தவிர, மரத்துப்போன உணர்வைத் திருப்பித் தருவதில்லை.

கொப்புளம் இன்னும் ஆறாதிருந்தால் அதை உடைக்காமல், மஞ்சள் பற்றுப் போடாமல், சுத்தமான துணியால் மூடி உடனே காட்டுங்கள். எரிகிறதே என்று பாதத்தை வெந்நீரில் ஊறவைப்பது இனி கூடவே கூடாது. குளிக்கும் நீரின் சூட்டையும் முழங்கையால் பார்க்க வேண்டும். தினமும் இரவில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, உள்ளங்காலை விரலிடுக்கு உட்படப் பாருங்கள், அல்லது மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சப்பாத்தைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரெனத் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அது வேறு சிக்கல். கிளினிக்குக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு வெயில் ஏறுமுன் கிளம்பி, தடித்த காலுறையோடு நடங்கள். முருகன் அதைக் குறையாக நினைக்கமாட்டான். இறங்கியதும் முதல் வேலையாக உட்கார்ந்து இரண்டு உள்ளங்கால்களையும் பாருங்கள்.