முதலில் அந்த ஹெட்போனைக் கழற்றுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. பள்ளியில் சேர்ப்பதற்குள் எழுத்தும் எண்ணும் பழகட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கல்வி மென்பொருள் வாங்க நினைக்கிறோம். இரண்டைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் 300 விளையாட்டுகள். விடை சரியென்றால் கைதட்டல், நட்சத்திரம். மகள் அதை விட்டு எழுந்திருப்பதே இல்லை. (சத்தம் தாங்காமல் அவளுக்கு ஒரு சின்ன ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.) இன்னொன்றில் படம் வரைவதும் கதை கேட்பதும்தான், படிப்பு குறைவு. வீட்டில் மாமனார் இருக்கிறார், ஆனால் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எதை வாங்கலாம்?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. எல்லோரும் விளையாட்டுகளின் எண்ணிக்கையை மறக்காமல் எழுதுவார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியிருந்தது நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிய அந்த ஒரு வரிதான்.

சத்தம் உங்களால் தாங்க முடியவில்லை. அதனால் அதே சத்தத்தைக் கொண்டுபோய்க் குழந்தையின் காதுக்குள்ளேயே விட்டுவிட்டீர்கள். பெரியவர்களால் பத்து நிமிஷம் கேட்க முடியாததை ஒரு சின்னப் பெண் கேட்கலாம் என்பது என்ன கணக்கு?

ஹெட்போன் மாட்டிய குழந்தை எப்படிப் பேசும் என்று கவனித்திருக்கிறீர்களா? "அம்மா, யானை வந்துடுச்சு!" என்று வீடே அதிரக் கத்தும். அதன் குரல் அதற்கே சரியாகக் கேட்பதில்லை. நீங்கள் அடுத்த அறையிலிருந்து "கத்தாதே" என்பீர்கள். அதுவும் கேட்காது. இரண்டு மூன்று தடவை கத்திப் பார்க்கும், அப்புறம் சொல்வதையே விட்டுவிடும். பிள்ளை சமர்த்தாகப் படிக்கிறது என்று நாமும் நிம்மதியாக இருப்போம்.

2003-ல் அமெரிக்காவில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பழக்கிப் பார்த்தது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உங்கள் மகள் அவ்வளவு சின்னவள் இல்லை, திரையிலிருந்தும் கொஞ்சம் கற்பாள்தான். ஆனால் "யானை ஏன் தனியா நிக்குது?" என்று கேட்க அவள் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 300 விளையாட்டில் ஒன்றுகூட அதைக் கேட்காது, அவள் சொல்லும் பதிலுக்குச் சிரிக்கவும் செய்யாது.

எழுந்திருப்பதே இல்லை என்பதைப் பாராட்டுப் பத்திரம்போல எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இந்த வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று. அவளை எழுந்திருக்க விடாத மென்பொருள் எனக்கு வேண்டாம். "போதும்" என்றதும் அழாமல் எழுந்து வருகிறாளா என்று பாருங்கள்.

சரி, ஒரு சோதனை செய்யுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த முதல் மென்பொருளைத் திறந்து வேண்டுமென்றே தப்பாக அமுக்குங்கள். விடைக்காகக் காட்டும் படங்களை எல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் கைதட்டல் வந்துவிடுகிறதா? அப்படியென்றால் அதில் அவள் எழுத்தைக் கற்கவில்லை, சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்பதைத்தான் கற்றிருக்கிறாள். சிலதில் தப்பு விடைக்கு வேடிக்கையான சத்தம் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதற்காகவே தப்பாக அமுக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

இரண்டாவதை எடுங்கள். படிப்பு குறைவு என்கிறீர்களே, தான் வரைந்ததைக் காட்டி அவள் ஒரு கதை சொன்னால் அது படிப்பில்லையா? காசு செலவழிக்குமுன், பிள்ளைகள் படம் வரைவதற்கென்றே இருக்கும் டக்ஸ் பெயின்ட் (Tux Paint) என்ற மென்பொருளையும் போட்டுப் பாருங்கள். 2002-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, விளம்பரம் இல்லை. வரைந்த படத்தைச் சேமிக்கும்போது பெயர்கூடக் கேட்காது. எழுதத் தெரியாத பிள்ளையைச் சங்கடப்படுத்தாத மென்பொருள்.

அப்புறம் உங்கள் மாமனார். கம்ப்யூட்டர் தெரியாது என்று அவரை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். பிள்ளை வளர்ப்பை இயந்திரத்திடம் கொடுப்பதற்குமுன் வீட்டில் இருக்கும் மனிதரைக் கேட்க வேண்டாமா? நாளைக்கே அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, மவுஸை அவர் கையில் கொடுங்கள். எங்கே அமுக்குவது என்று பேத்தி சொல்லிக் கொடுப்பாள், சத்தமாகவே.