துருப்பிடித்த லேண்ட் ரோவரைச் சீர்செய்யக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. மாதச் சம்பளக்காரன். வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் ஓடும். மகள் 3 வருடத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அவசரத்துக்கென்று 4 மாதச் செலவுக்கான பணம் வைத்திருக்கிறேன். சித்தப்பா ஓட்டிவிட்டுக் கொட்டகையில் நிறுத்திவைத்த லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டியை எனக்கே கொடுத்துவிட்டார். ஏகப்பட்ட துரு. ஆனால் பாடி அலுமினியம் என்பதால் பயப்பட வேண்டாம் என்கிறார்கள். பெர்சனல் லோன் எடுத்து வீட்டிலேயே 2 வருடத்தில் சரிசெய்து விற்றால் நல்ல லாபம் வரும் என்று நினைக்கிறேன். மனைவி கடன் வேண்டவே வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கடன் வேண்டாம். அதற்காக வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முடிவை எடுக்க உங்களிடம் இன்னும் போதுமான விவரம் இல்லை, அவ்வளவுதான். நல்லவேளையாக, அந்த விவரத்தைத் தெரிந்துகொள்ள அதிகம் செலவாகாது.

முதலில் அந்த அலுமினியம் விஷயம். 1948-ல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் பாடித் தகடுகளுக்கு அலுமினியக் கலவையைப் போட்டார்கள். 1971 முதல் 1985 வரை வந்த சீரீஸ் 3-லும் அது தொடர்ந்தது. ஆனால் அந்தத் தகடுகளைத் தாங்குகிற சேஸிஸ் இரும்பு. எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவே நிற்கிற பல்க்ஹெட் இரும்பு. கதவுச் சட்டமும் இரும்புதான். போதாக்குறைக்கு, இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமும் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். ஆக, வெளியே பளிச்சென்று தெரிகிற வண்டிக்கு அடியில் முதுகெலும்பே போயிருக்கலாம். செலவை முடிவு செய்வது அந்த முதுகெலும்புதான்.

இந்த வார இறுதியில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஒரு சிறிய சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு சேஸிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இடம் சொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து முனை உள்ளே போகும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், லீஃப் ஸ்பிரிங் என்கிற பட்டை வில் மாட்டியிருக்கிற இடங்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற தாங்கிகள், பல்க்ஹெட்டில் கால் வைக்கிற தளம், கதவுக் கீல் தூண்கள், கண்ணாடிக்குக் கீழே இரண்டு மூலைகள் எல்லாவற்றையும் தவறாமல் பாருங்கள். இந்த சேஸிஸ் உள்ளே வெற்றிடமான பெட்டி வடிவம். சேறு உள்ளே சேர்ந்து, வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டால், அது உள்ளேயிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியில் தெரிகிற கொப்புளம் கடைசிக் கட்டம். கறுப்பு தார்ப்பூச்சு கனமாக இருக்கிற இடத்தில் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம் கணக்கு. நல்ல நிலையில் ஓடுகிற இதே மாடல் உங்கள் பகுதியில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலையை விடுங்கள், விற்று முடிந்த விலைதான் நமக்கு வேண்டும். அதை 100 என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு இருக்கிறபடியே உங்கள் வண்டி 20-க்குப் போகும் என்றால், அந்த 20-ம் நீங்கள் போடுகிற பணம்தான், சும்மா வந்தது என்று நினைக்காதீர்கள். சேஸிஸ், பல்க்ஹெட் வேலைக்கு 35. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷனுக்கு 15. எஞ்சின், கியர்பாக்ஸுக்கு 20. வயரிங், டயர், சீட்டுக்கு 15. பெயின்டுக்கு 15. கருவிகளுக்கு 10. கூட்டினால் 130 வருகிறது. இவை புரிவதற்காக நான் போட்ட எண்கள், உங்கள் எண்கள் வேறாக வரும். ஆனால் இதில் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசாகூட நான் சேர்க்கவில்லை. துரு வேலையில் ஒரு ஓட்டையை வெட்டினால் பக்கத்தில் இன்னும் இரண்டு வரும். அதனால் எந்த மதிப்பீடு கிடைத்தாலும் மேலே மூன்றில் ஒரு பங்கு சேர்த்துத்தான் நான் பார்ப்பேன்.

இதன் மேல் லோன் வட்டியும் ஏறினால் லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடமானம் இல்லாத கடன் என்பதால் பெர்சனல் லோனுக்கு வட்டி வீட்டுக் கடனைவிட அதிகம். தவணை அடுத்த மாதமே தொடங்கும், வண்டியோ 2 வருடத்துக்கு அசையாது. நடுவில் வேலையில் ஏதாவது சிக்கல் வந்தால் மகளின் கல்லூரிப் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். 3 வருடத்தில் வேண்டிய பணத்தை எதற்காகவும் கலைக்காதீர்கள்.

அப்படியானால் எப்படிச் செய்வது? இதை முதலீடு என்று எண்ணாமல் ஆசைக்கான செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை. உங்கள் சித்தப்பாவின் வண்டி மறுபடி ஓடுவதற்கு விலை போட முடியாது, நான் போடவும் மாட்டேன். முதலில் அவசர நிதியை 6 மாதச் செலவுக்கு உயர்த்துங்கள். பிறகு வண்டிக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதம் எவ்வளவு ஒதுக்க முடியுமோ அதை மட்டும் போட்டு வாருங்கள். கணக்கில் பணம் இருந்தால் வேலை நடக்கும், இல்லாவிட்டால் நிற்கும். 2 வருடம் 5 வருடமாகலாம். ஆகட்டும்.

பணம் போகிற வரிசையும் முக்கியம். சேஸிஸ், பிரேக் முடியாமல் பெயின்டுக்கு ஒரு காசும் போகக்கூடாது. பலரும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முதலில் செலவழித்துவிட்டு, பிறகு அதன் மேலேயே வெல்டிங் வைக்கிறார்கள். சீரீஸ் வண்டியின் தகடுகள் பெரும்பாலும் போல்ட்டில் நிற்பவை. கழற்றுவது, சுரண்டுவது, சுத்தம் செய்வது எல்லாம் வீட்டிலேயே உங்கள் கையால் முடியும். மிச்சம் பிடிக்கிற இடம் அதுதான். போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் பொருந்தாது. அந்தச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். சேஸிஸ் வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் விடுங்கள். முடிந்ததும் சேஸிஸ் பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு அடிக்காவிட்டால் அந்தப் பணம் சில வருடத்தில் மறுபடி துருவாகிவிடும்.

சேஸிஸ் தேறாது என்று தெரிந்தால், துத்தநாகப் பூச்சு போட்ட புது சேஸிஸ் கிடைக்கிறது. ஒட்டு வேலையைவிட முடிவில் அதுவே மலிவாகக்கூட வரலாம். ஆனால் சேஸிஸ் எண்தான் வண்டியின் அடையாளம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுவதும் அதற்கு முன்பே முடிய வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். தரமான முகமூடி வாங்குங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், வெல்டிங் செய்வதை அது அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. சுத்தியல் சோதனையும் கணக்கும் முடிகிற வரை ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். முழுதாக நிற்கிற துருப்பிடித்த வண்டிக்கு வாங்க ஆள் உண்டு. பாதி கழற்றிப் பெட்டிகளில் போட்ட வண்டியைக் காயலான் கடை விலைக்குத்தான் கேட்பார்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இருக்கிறபடியே விற்று, அந்தப் பணத்தை மகளின் கல்லூரிக் கணக்கில் போடுங்கள்.